கதவில்லாத அறை

ஸ்கேன் செய்கிறவர்கள் வாசலிலிருந்து தொடங்க வேண்டும். கையிலிருக்கும் ப்ரோப்பை வயிற்றில் வைத்ததும் குழந்தையைத் தேடிக்கொண்டு ஓடக் கூடாது. முதலில் கர்ப்பப்பையின் வாயைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் நடுவே மெல்லிய கோடாகத் தெரிகிற பாதையைப் பிடித்துக்கொண்டு, முன்கதவு வழியாக ஒரு வீட்டுக்குள் நுழைவதுபோல மெதுவாக உள்ளே போக வேண்டும். பாதை எந்த அறையில் கொண்டுபோய் விடுகிறதோ அந்த அறையில் குழந்தை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அநேகமாக எல்லோருக்கும் அங்கேதான் இருக்கும். அநேகமாக எல்லோருக்கும் அங்கேயே இருப்பதால்தான், எல்லோரும் வாசலைத் தாண்டிக் குதித்து நேராகக் குழந்தையிடம் போய்விடுகிறார்கள்.

அன்று தங்கை வாசலிலிருந்துதான் தொடங்கினாள். வாய் தெரிந்தது. பாதை தெரிந்தது. பாதை இடது பக்கமாக வளைந்து, வாழைப்பழம்போல ஒடுங்கிய ஓர் அறைக்குள் போய் முடிந்தது. அந்த அறை காலியாக இருந்தது.

குழந்தை வலது பக்கம், வேறோர் அறையில், காலை மடக்கிக்கொண்டு சுகமாக மிதந்துகொண்டிருந்தது. அந்த அறைக்கு எந்தப் பாதையும் போகவில்லை.

அவள் அந்த மருத்துவமனையின் ஸ்கேன் டாக்டர். மேசையில் படுத்திருந்தது அவளுடைய அண்ணி. தலைமாட்டில் நின்றது அண்ணன். நாமும் அவளைத் தங்கை என்றே சொல்லலாம். அந்த அறையில் அன்று அவள் டாக்டராக இருந்ததைவிடத் தங்கையாக இருந்ததுதான் அதிகம்.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்த பிரேக்கைக் காலங்காலமாக மிதித்து மிதித்து, டிவி பார்க்கும்போதுகூட வலது பாதம் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். அண்ணி அவனைக் கூப்பிடுவதே "பிரேக்கு" என்றுதான். அண்ணிக்கு பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை. வாசனை ஆகாது என்று இந்த நாலு மாதமாகக் கடை முதலாளி அவளைக் கல்லாவில் உட்காரவைத்திருந்தார். ஏழு வருடம் காத்திருந்து வந்த குழந்தை என்பது அவருக்கும் தெரியும்.

"என்ன டாக்டரம்மா, பேச்சையே காணோம்? வழக்கமா நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டியே" என்றாள் அண்ணி.

"விளக்கெண்ணெய் தீர்ந்துபோச்சு போல" என்றான் அண்ணன்.

வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். எதைக் கேட்டாலும் விளக்குவாள் என்பதால். மிக்ஸி ஏன் சூடாகிறது என்று கேட்டால் போதும், சோறு ஆறிப்போகும்வரை சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு அதை யாரிடமாவது சொல்லாமல் தூக்கம் வராது.

இப்போது சொல்லாமல் ப்ரோப்பை அண்ணியின் வலது விலாப்பக்கம் கொண்டுபோனாள்.

"அங்கயா இருக்கு குழந்தை?" என்றான் அண்ணன்.

குழந்தை அங்கே இல்லை. அவள் தேடியது சிறுநீரகத்தை. பெண் குழந்தை கருவில் உருவாகும்போது கர்ப்பப்பை ஒரே துண்டாக உருவாவதில்லை. இடமும் வலமுமாக இரண்டு குழாய்கள் கீழ்நோக்கி வளர்கின்றன. இரண்டு பக்கமிருந்தும் சுரங்கம் தோண்டி வருகிறவர்கள் நடுவில் சந்தித்துக் கைகுலுக்குவதுபோல, அவை நடுவில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. பிறகு இடையில் இருக்கும் சுவர் கரைந்து ஒரே அறையாகிறது. சில பேருக்கு, வெகு சில பேருக்கு, ஒரு பக்கத்துக் குழாய் பாதியில் நின்றுவிடுகிறது. இடது பக்கம் மட்டும் ஒழுங்காக வளர்ந்து வாயோடு சேர்கிறது. வலது பக்கம் சின்னக் கொம்புபோல ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. உள்ளே ஒரு குட்டி அறை, வெளியே போக வழியில்லாமல். சிறுநீரகமும் அதே சமயத்தில் அதே பக்கத்தில் உருவாகிறது என்பதால், கொம்பு பாதியில் நின்ற பக்கத்தில் பல நேரம் சிறுநீரகமே இருப்பதில்லை.

அண்ணியின் வலது பக்கத்தில் சிறுநீரகம் இல்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள், ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள், குப்புறப் படுக்க முடியுமா என்று கேட்டுவிட்டு அப்புறம் வேண்டாம் என்றாள். அந்த இடத்தில் குடல் மட்டும் சாவகாசமாக நெளிந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு சிறுநீரகத்தோடு முப்பத்துச் சொச்சம் வருடம் இந்தப் பெண் நடமாடியிருக்கிறாள். உடம்பு அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னது ஒன்றே ஒன்றுதான். மாதாமாதம் வலது பக்கம் உயிர் போகிற வலி. அதை எல்லோரும், தங்கையும் சேர்த்து, சில பேருக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டிருந்தார்கள்.

"பெரிய டாக்டர ஒரு நிமிஷம் கூப்பிடறேன்" என்று எழுந்தாள்.

தாழ்வாரத்தில் போகும்போது அவள் நினைத்தது குழந்தையைப் பற்றி அல்ல. இரண்டாம் மாதத்தைப் பற்றி.

அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிறவர்களின் வீட்டு மனிதர்களை மதிய இடைவேளையில் பார்த்துவிடுவார்கள். சீட்டு கிடையாது, காத்திருப்பு கிடையாது. "வீட்டு ஸ்கேன்" என்று அதற்குப் பெயர். சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு, உள்ளே கூப்பிட்டு, இதயத் துடிப்பைக் காட்டி, சிரித்து அனுப்பிவிடுவார்கள். மற்றவர்களுக்கு இரண்டாம் மாதத்தில் வயிற்றின் மேல் ஒரு முறையும், சந்தேகம் இருந்தால் ப்ரோப்பைக் கீழ்வழியாக உள்ளே செலுத்தி ஒரு முறையும் பார்ப்பார்கள். வீட்டு மனிதர்களுக்கு உள்ளே பார்க்கும் வழக்கம் இல்லை. கூச்சம். நாளைக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர்கள். அண்ணியும் நாத்தனாரும் வேறு. மரியாதையென்றுதான் எல்லோரும் அதை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று கருப்பை கொஞ்சம் வலது பக்கம் தள்ளி இருந்ததை அவள் கவனித்தாள். சிறுநீர்ப்பை நிறைந்திருப்பதால் தள்ளியிருக்கும் என்று தனக்கே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டாள். விளக்கம் கையோடு இருக்கிறவர்களுக்கு இது ஒரு வசதி. உள்ளே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அண்ணன் அதற்குள் திரையில் மினுக் மினுக்கென்று துடித்த புள்ளியைப் பார்த்து அழ ஆரம்பித்திருந்தான். அவள் சத்தத்தைக் கூட்டிவைத்து, அது எப்படித் துடிக்கிறது, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தொடங்கியிருந்தாள்.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். அவர் முப்பது வருடமாகப் பிரசவம் பார்க்கிறவர். முகத்தில் எதையும் காட்டாதவர். ஆனால் ப்ரோப்பைத் தங்கையின் கையிலிருந்து வாங்கியவருக்கு, அதைத் திரும்பக் கொடுக்க வெகுநேரம் ஆனது. எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம், அதுவரை எங்கேயும் அலைய வேண்டாம் என்று மட்டும் அண்ணியிடம் சொன்னார். வெளியே வந்து தங்கையிடம், "படிச்சிருக்கேன். கண்ணால பாக்கறது இதான் முதல் தடவை" என்றார். அவர் குரலில் இருந்த ஆர்வம் தங்கைக்குப் புரிந்தது. வேறு யாருடைய வயிறாக இருந்தாலும் அவளுக்கும் அந்த ஆர்வம் இருந்திருக்கும்.

வீட்டில் சொல்லவேண்டிய வேலை அவளுடையதாயிற்று. சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதத்தை விரித்து வரைந்தாள். இது வாய், இது நல்ல பக்கம், இது கொம்பு. கர்ப்பப்பையின் சுவர் சதையால் ஆனது. குழந்தை வளர வளர அதுவும் கூடவே வளர்ந்து இடம் கொடுக்கும். கொம்பின் சுவரில் அந்த அளவு சதை கிடையாது. அது வளராது, இழுபடும். பலூனை ஊதுகிற மாதிரி மெலிந்துகொண்டே போகும். ஐந்தாம் மாதமோ ஆறாம் மாதமோ, ஒரு கட்டத்தில் கிழியும். கிழிந்தால் குழாயடியில் வாளி நிறைகிற வேகத்தில் வயிற்றுக்குள் ரத்தம் இறங்கும்.

"வழியே இல்லேன்னா உள்ள எப்படிப் போச்சு?" என்று கேட்டான் அண்ணன். பிழையைக் கண்டுபிடித்துவிட்டவனின் அவசரம் அதில் இருந்தது.

அதற்கும் அவளிடம் விடை இருந்தது. அதுதான் இந்த விஷயத்திலேயே பெரிய அதிசயம் என்றுகூட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். ஆணின் உயிரணு இடது பக்க அறைக்குள் போய், இடது குழாய் வழியாக ஏறி, அதன் நுனியிலிருந்து வெளியே வயிற்றின் வெட்டவெளியில் விழுந்து, அங்கிருந்து நீந்தி வலது பக்கம் வந்து, அந்தப் பக்கத்து முட்டையைக் கண்டுபிடித்திருக்கிறது. பிறகு வலது குழாய் அதை அள்ளி, தனக்குத் தெரிந்த ஒரே அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது.

அண்ணன் அதைக் கேட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தான். "இவ்வளவு தூரம் சுத்தி வந்திருக்கு பாரு" என்றான்.

அண்ணி காகிதத்தைப் பார்க்கவே இல்லை. குழந்தைக்கு ஏதாவது குறையா என்று கேட்டாள். இல்லை என்றாள் தங்கை. இதயம்? நன்றாக இருக்கிறது. கை, கால், முதுகெலும்பு? எல்லாம். வயதுக்கு ஏற்ற வளர்ச்சியா? இரண்டொரு நாள் கூடவே இருக்கிறது.

"அப்ப ஒரு குறையும் இல்லாத குழந்தைய எடுத்துடச் சொல்ற" என்றாள் அண்ணி. சண்டைக்கு இழுக்கிற குரல் அல்ல. கணக்கைச் சரிபார்க்கிற குரல்.

அன்று மாலை அம்மா சமையலறைக்குள் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். மருமகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள்தான் அம்மா. ஆனால் ஊர் வாயும் அவளுக்குத் தெரியும்.

"நீ சொல்லாதடி. வேற யாராவது சொல்லட்டும். உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு, அவளுக்கு ஒண்ணும் இல்ல. நாத்தனா சொல்லித்தான் கலைச்சாங்கன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, சாகறவரைக்கும் அது உன் தலையில நிக்கும்."

"நான் சொல்லலேன்னா அவங்க செத்துடுவாங்கம்மா."

"அதையும் வேற யாராவது சொல்லட்டும்."

வேறு ஒருவர் வேறு மாதிரி சொன்னார். எம்.ஆர்.ஐ.க்குக் குறித்த நாளுக்கு முன்பே அண்ணன் அவளிடம் சொல்லாமல் அண்ணியை இன்னொரு ஸ்கேன் நிலையத்துக்குக் கூட்டிப்போயிருந்தான். அங்கே பார்த்தவர் கர்ப்பப்பை இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கிறது, ஒன்றில் குழந்தை இருக்கிறது, இப்படி நிறையப் பேர் பெற்றிருக்கிறார்கள், குறைமாதத்தில் பிறக்கலாம், அவ்வளவுதான் என்றாராம். அண்ணன் மத்தியானம் மருத்துவமனைக்கே வந்துவிட்டான். கையில் ஒரு பொட்டலம் ஸ்வீட்.

தங்கைக்கு அந்த ஸ்கேன்காரர் எங்கே வழுக்கினார் என்பது கேட்டவுடனேயே தெரிந்துவிட்டது. இரண்டு கொம்பு உள்ள கர்ப்பப்பை என்று ஒன்று உண்டு. அது இதய வடிவில் இருக்கும். அங்கே இரண்டு கொம்பும் கீழே ஒன்றாகச் சேர்ந்து ஒரே வாசலுக்கு வரும். சுவரும் நல்ல சுவர். அதில் குழந்தை வளரும், பிறக்கும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். வாசலிலிருந்து நடந்து போய்ப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அவர் நேராகக் குழந்தையிடம் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்ல அவளுக்கு வாயில்லை.

"ரெண்டு பேரு ரெண்டு விதமா சொல்றீங்க. ஒருத்தர் தப்புதான? அது ஏன் நீயா இருக்கக் கூடாது?" என்றான் அண்ணன்.

"நானா இருந்துட்டா எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமாண்ணா" என்றாள். அது உண்மை. எம்.ஆர்.ஐ. படங்கள் வரும்வரை, தான் படித்ததெல்லாம் பொய்யாக இருக்கட்டும், தன்னைப் பார்த்து ஆஸ்பத்திரியே சிரிக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டே இருந்தாள். திரையில் படங்கள் ஒவ்வொன்றாக விரிந்தபோது முதல் மூன்று படங்களிலேயே தெரிந்துவிட்டது. மீதிப் படங்களையும் கடைசிவரை பார்த்தாள். வாய், பாதை, காலி அறை. வலது பக்கம் மூடிய அறை. அதனுள் ஒரு கை முகத்தின்மேல் கிடக்க, தூங்குகிற குழந்தை.

ஸ்வீட் பொட்டலம் அவள் மேசையில் பிரிக்காமலே கிடந்தது. கடைசியில் நர்ஸுகள் எடுத்துப் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

பெரிய டாக்டரின் அறையில் அண்ணி பேரம் பேசினாள். கடையில் வாடிக்கையாளர்களோடு பேசிப் பழகியவள். நிதானமாக, ஒவ்வொரு படியாகப் பேசினாள். இந்த மருத்துவமனையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றாள். ஏழாம் மாதம்வரை எழுந்திருக்க மாட்டேன். ஏழாம் மாதத்துக் குழந்தை பிழைக்கும் என்று உங்கள் சுவரிலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். லேசாக வலித்தால்கூட உடனே அறுத்து எடுத்துவிடுங்கள். நான் கேட்பது இரண்டரை மாதம்.

பெரிய டாக்டர் பொய் சொல்லவில்லை. அப்படித் தாண்டியவர்கள் உலகத்தில் சில பேர் இருக்கிறார்கள் என்றார். அவர்களுக்குச் சுவர் கனமாக இருந்தது. உங்களுக்கு அப்படி இல்லை. வலி வருவது கிழிந்த பிறகு. கிழிந்த பிறகு தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும் நேரத்துக்குள் பாதி ரத்தம் போய்விடும். குழந்தை அதற்கு முன்பே போய்விடும்.

"சில பேர்ல நான் ஒருத்தியா இருக்கக் கூடாதா?" என்று கேட்டாள் அண்ணி.

அண்ணி தங்கையின் பக்கம் திரும்பினாள். "அந்தச் சுவர எனக்குக் காட்டு" என்றாள்.

இருவர் மட்டும் ஸ்கேன் அறைக்குப் போனார்கள். தங்கை விளக்கை அணைத்து, ஜெல்லைக் கையிலேயே கொஞ்சநேரம் வைத்திருந்து சில்லிப்புப் போனபிறகு தடவினாள். திரையை அண்ணிக்குத் தெரிகிற மாதிரி திருப்பினாள். முதலில் நல்ல பக்கத்தைக் காட்டினாள். ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் சதை. பிறகு ப்ரோப்பை வலது பக்கம் நகர்த்தி, படத்தைப் பெரிதாக்கி, மேலும் பெரிதாக்கி, ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இந்தக் கோடா?"

"அதான் அண்ணி."

"இது கோடுதான. சுவர் எங்க?"

"அதான் சுவர்."

அண்ணி தலையைத் தூக்கிப் பார்த்தாள். சரியாக அந்த நேரத்தில் குழந்தை காலை நீட்டியது. பாதம் போய் அந்தக் கோட்டைத் தொட்டது. கோடு லேசாக வெளியே புடைத்து, பிறகு அடங்கியது. மறுபடி நீட்டியது. மறுபடி புடைத்தது. எல்லாக் குழந்தைகளும் செய்கிற காரியம். தாய்மார்கள் கணவனின் கையை இழுத்து வயிற்றில் வைத்துக் காட்டுகிற காரியம். இரண்டு பெண்களும் மூச்சு விடாமல் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை ப்ரோப்பை எடுத்துவிட்டாள்.

"வெச்சிரு" என்றாள் அண்ணி. வைத்தாள். குழந்தை காலை மடக்கிக்கொண்டது.

திரையைப் பார்த்தபடியே அண்ணி கேட்டாள். "ரெண்டாம் மாசமே பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

இதற்குச் சொல்ல அவளிடம் எத்தனையோ விளக்கங்கள் இருந்தன. வழக்கம், கூச்சம், சிறுநீர்ப்பை. "தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

"அப்பவும் எடுக்கத்தான் சொல்லியிருப்ப."

"ஆமா அண்ணி. எப்ப பாத்திருந்தாலும் அதான்."

"அப்ப நான் இதுகிட்ட பேச ஆரம்பிக்கல" என்றாள் அண்ணி. ஜெல்லைத் தானே துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்க அதனோடுதான் பேசிக்கொண்டிருந்தாள் என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். எந்த வீட்டுக்கு எந்த நிறம் போகிறது, எந்தக் கிழவர் மஞ்சள் கேட்டுவிட்டுப் பச்சை என்று சண்டை போடுகிறார், எல்லாம் அதற்குச் சொல்லுவாள்.

அண்ணனிடம் அவளே போய்ச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று தங்கைக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அண்ணன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், அண்ணி அவன் சட்டைப் பொத்தானைத் தொட்டுத் தொட்டு ஏதோ சொல்வதையும் பார்த்தாள். தேற்ற வேண்டியவனை அவள்தான் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அறுவை நன்றாக நடந்தது. அந்தச் சொல்லைத்தான் பெரிய டாக்டர் பயன்படுத்தினார். கொம்பையும் வலது குழாயையும் சேர்த்து எடுத்தாயிற்று. ரத்தம் ஏற்றவே தேவைப்படவில்லை. இடது பக்கம் அப்படியே இருக்கிறது. பிற்பாடு ஜாக்கிரதையாக இன்னொரு குழந்தைக்கு முயற்சி செய்யலாம். தொப்பியைக் கழற்றிக்கொண்டே அவர் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டார். சுவர் எவ்வளவு மெல்லிசு தெரியுமா, அந்தப் பக்கம் வைத்த விரல் இந்தப் பக்கம் நிழலாகத் தெரிந்தது, தொட்டாலே போயிருக்கும், சரியான நேரத்தில் கண்டுபிடித்தாய் என்றார். டாக்டர்கள் கூடும் கூட்டத்தில் இதை அவளே பேச வேண்டும் என்றார். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்ட இரண்டு பேர் அவளுக்குக் கை கொடுத்தார்கள்.

குழந்தையைப் பற்றி அவர் சொன்னது ஒரு சொல். பெண்.

அண்ணன் வரவேற்பறைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தங்கை அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணி நன்றாக இருக்கிறாள் என்று சொன்னாள். தலையாட்டினான். பிறகு அவள் சுவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். விரல், நிழல், இன்னும் சில நாள்கூடத் தாங்கியிருக்காது. அதை அவன் தெரிந்துகொண்டால் அவனுக்கு லேசாக இருக்கும் என்று நினைத்தாள். தனக்கும்.

"போதும்" என்றான். "கிழிஞ்சிருந்தா நீ சொன்னது நிஜம்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். கிழியல. நல்லா இருந்த குழந்தைய எடுத்துட்டு, நல்லா இருக்கா, நல்லா இருக்கான்னு எல்லாரும் வந்து சொல்லிட்டுப் போறீங்க. நான் இப்ப எதப் புடிச்சுக்கறது?"

தடுக்கப்பட்ட ஒரு விபத்து எங்கேயும் தடம் விடுவதில்லை. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அவள் எவ்வளவு சரியாக இருந்தாளோ அவ்வளவுக்கு அவளிடம் சாட்சி இல்லாமல் போயிற்று. அவள் தவறாக இருந்த அந்த ஒரு மதியம் மட்டும்தான் எல்லோரும் பார்க்க நடந்தது.

அம்மா சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் செய்து, தானாகவே கலைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகளைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி அது. அந்தக் கதையில் கொம்பும் கிடையாது, சுவரும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது.

அடுத்த இரண்டு நாளும் தங்கை வார்டுக்குப் போகவில்லை. கீழேயே இருந்து வேலை பார்த்தாள். படுத்திருந்தவர்கள் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். வாசலிலிருந்து தொடங்கினாள், பாதையைப் பிடித்துக்கொண்டு போனாள், அறைக்குள் குழந்தை இருந்தது, நன்றாக இருக்கிறது என்றாள். அதற்கு மேல் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. அவர்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

அதற்கு மறுநாள் காலையில் வார்டு நர்ஸ் கீழே வந்தாள். "உங்க அண்ணி உங்களக் கூப்பிடறாங்க. வேற யாரும் வேணாமாம். உங்க அண்ணனையும் வெளிய அனுப்பிட்டாங்க."

அண்ணி கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய நைட்டியின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. கைகளை அதன் மேல் படாமல் இரண்டு பக்கமும் தூக்கிவைத்திருந்தாள், பெயின்ட் பட்டுவிட்டது போல.

"இது என்ன?"

"பால் அண்ணி."

"அது தெரியுது. ஏன் வருது?"

தங்கை கட்டிலடி அலமாரியைத் திறந்து துணி தேடினாள்.

"சொல்லு. இத்தன நாளா எல்லாத்துக்கும் காரணம் சொன்னியே. இதுக்கும் சொல்லு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் சொன்னாள். நாலாம் மாதம் தாண்டியதுமே மார்பு பாலுக்குத் தயாராகிவிடும். ஆனால் சுரக்க விடாமல் நஞ்சுக்கொடி தடுத்து வைத்திருக்கும். அதிலிருந்து ஊறுகிற ஒன்று ரத்தத்தில் இருக்கும்வரை பால் வராது. பிரசவத்தில் நஞ்சு வெளியே வந்ததும் அந்தத் தடை போய்விடும். இரண்டு மூன்று நாளில் பால் இறங்கிவிடும். எத்தனை மாதம் ஆயிற்று என்று உடம்பு எண்ணிப் பார்ப்பதில்லை. நஞ்சு போய்விட்டதா என்பதை மட்டும்தான் பார்க்கிறது.

"போயிட்டா?"

"குழந்தை பொறந்துடுச்சுன்னு எடுத்துக்கும்."

"உயிரோட."

"ஆமா அண்ணி. உயிரோட."

அண்ணி குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். ஈரம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இதுக்கு இன்னும் யாரும் சொல்லல" என்றாள் அண்ணி. பிறகு, "எங்க எல்லாருக்கும் நீதான சொன்ன. இதுக்கும் நீயே சொல்லிடு."

பாலை நிறுத்த ஒரு மாத்திரை உண்டு. தங்கை நர்ஸிடம் போய் வாங்கிவந்தாள். அட்டையைக் கிழித்து மாத்திரையை அண்ணியின் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மடித்த துணி ஒன்றைக் கொடுத்தாள். அண்ணி அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

அது வேலை செய்ய ஒரு நாளாவது ஆகும். அதுவரை பால் வந்துகொண்டுதான் இருந்தது.